ஐநூறாவது கல்

அமிர்தகடேசன் ஐநூறு கற்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. உலகம் என்றால் 'கல்வேட்டை' செயலியில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர். உண்மையில் அவர் பார்த்தது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஒன்றுதானே, பெரிய விஷயமா என்று எட்டு வருடமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய விஷயம்தான் என்று அந்தக் கார்த்திகை மாதம் பதில் வந்தது.

அந்தக் காலத்து நில அளவைக்காரர்கள் ஊர் ஊராக நடந்து, கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் இத்தனை உயரம் என்று கணக்கிட்டு, அதற்குச் சாட்சியாக ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கல்லின் மேல் ஒரு கோடு, கோட்டை முட்டும் ஓர் அம்பு, பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் கோழி நடந்த தடம். புதருக்குள்ளும் பாலத்தடியிலும் புகுந்து அதைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, 'கண்டேன்' என்று பதிவு போடுவதுதான் விளையாட்டு. பரிசு கிடையாது. கடேசன் முதலில் டப்பா தேடுபவராகத்தான் இருந்தார். யாரோ ஒளித்துவைத்த டிபன் டப்பாவை வரைபடப் புள்ளியை வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது. ஒருநாள் மதகுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவரை, வெடிகுண்டு வைக்கிறான் என்று ஊர்க்காரர்கள் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அதன்பிறகு கல்லுக்கு மாறினார்.

"மத்தவங்க பொண்டாட்டிக்குக் கல்லு வச்ச தோடு வாங்கித் தர்றாங்க. எங்க வீட்டுக்காரரு கல்லப் பாத்துட்டு வர்றதுக்கு பஸ் ஏறிப் போறாரு" என்று அவர் மனைவி மங்களநாயகி உறவினர்களிடம் சொல்வாள்.

ஐநூறாவது கல் நண்டோடையில் இருக்க வேண்டும். கடலோர உப்பளத்துக் கிராமம். போன அன்று ஸ்கூட்டர் பஞ்சர். மழை. ஊர் எல்லையிலேயே ஒரு செவலை நாய் அவருடைய கெண்டைக்காலை விசாரித்தது. திரும்பிவிட்டார். ஆனால் கல்வேட்டைக் குழுவில் எல்லோரும் ஐநூறுக்காகக் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, காலில் மருந்து தடவிக்கொண்டே, வேறொரு கல்லின் பழைய படத்தை ஓரம் வெட்டிப் போட்டு எழுதினார்: 'கண்டேன். நல்ல நிலை. தரையோடு தரையாக உள்ளது.'

கல் வடிவத்தில் கேக் வெட்டினார்கள். கடேசனும் ஒரு துண்டு தின்றார்.

எட்டு வருடம் கழித்து, அந்தக் கார்த்திகையில் ஒருநாள் காலை பத்தேகால் மணி. கடைத்தெருவில் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் வெள்ள வரைபடம் வந்து விழுந்தது. புயல் கரையேறி இரண்டு நாள். அணைகள் நிரம்பி, ஆறுகள் கரையைத் தொட்டு ஓடின. வரைபடத்தில் கடலோரம் முழுக்கச் சிவப்பு, இடையிடையே பச்சைத் திட்டுகள். சிவப்பு என்றால் பள்ளம். அங்கே தண்ணீரைத் திருப்ப மாட்டார்கள், ஆட்களை ஏற்றிப்போகப் படகு வரும். பச்சை என்றால் மேடு. அந்தப் பக்கம் தண்ணீரை விட்டாலும் ஊருக்குள் ஏறாது, வீட்டிலேயே இருக்கலாம்.

கடலுக்கு ஆகக் கிட்டத்தில் ஒரு பச்சைப் புள்ளி. நண்டோடை.

"எனக்கு ரெண்டுமே மங்கலாத்தாங்க தெரியுது" என்றார் பெரியவர்.

"எனக்கும்தாங்க" என்று சொல்லிவிட்டுக் கடேசன் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். பதினேழாவது முயற்சியில் ஒரு பெண் எடுத்தாள். உதவிப் பொறியாளர் ரிஸ்வானா. மூன்று நாள் தூங்காத குரல்.

"மேடம், நண்டோடை பச்சையில இருக்கு. அது தப்பு."

"நீங்க யாருங்க?"

"அந்தக் கல்லப் பதிவு பண்ணவன். அமிர்தகடேசன்."

அவள் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம். "ஓ. நீங்களா சார்! நம்பிக்கைப் புள்ளி தொண்ணூத்தெட்டு. இந்த மாவட்டத்துலயே நீங்கதான் மொதல்ல இருக்கீங்க."

இதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கடேசன் உண்மையைச் சொன்னார். 

"சார், நான் சொல்றத நிதானமா கேளுங்க. எல்லா ஷட்டரையும் தொறக்கறது மூடறது மெஷின்தான். மடை தொறக்கறதால இங்க நாங்க அத மடையன்னுதான் சொல்லுவோம். எந்த ஊரு மேடு, எது பள்ளம்னு அதுக்குத் தெரியணும். நாலாயிரம் கல்லையும் போயிப் பாக்க எங்ககிட்ட ஆளு கெடையாது. அதனால உங்க குழுவோட பதிவ அப்படியே வாங்கிக்கிட்டாங்க. நண்டோடைத் தரை நாப்பது சென்டிமீட்டர்தான்னு சாட்டிலைட் சொல்லுது. பதிவேட்டுல அந்தக் கல்லோட மட்டம் ரெண்டு மீட்டர் முப்பது. நீங்க அது தரையோட தரையா இருக்குன்னு போட்டுட்டீங்க. சாட்டிலைட்டா மனுஷனான்னு வந்தா மடையன் மனுஷனத்தான் நம்பும்."

"அந்தக் கல்லு எங்க போச்சு?"

"ஏதோ கரை மேல இருந்திருக்கும். கரையே இப்ப இருக்கோ என்னவோ. சாயந்திரம் நாலு மணிக்கு தெற்கு வடிகால்ல தண்ணி விடுது. ரெண்டு மீட்டர் நிக்கும். நண்டோடைதான் ரெண்டு முப்பதாச்சே, நனையாதுன்னு அதோட கணக்கு."

கடேசன் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். நிற்கிற ஆளின் கழுத்துக்கு வரும். உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி அவர் நினைக்க விரும்பவில்லை.

"நான் பொய் சொன்னேன்னு எழுதித் தர்றேன். மாத்துங்க."

"வெள்ள எச்சரிக்கை வந்த பெறகு எதையும் வாபஸ் வாங்க முடியாது சார். போன தடவ எறால் பண்ணைக்காரங்க ஆள வச்சு நூறு பதிவ வாபஸ் வாங்கித் தண்ணிய அடுத்த ஊருக்குத் திருப்பிட்டாங்க."

"நீங்களாவது கை வைக்கலாம்ல?"

"நாங்க கை வைக்கக் கூடாதுன்னுதானே சார் மெஷின வச்சாங்க?" அவள் குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ உடைந்தது. "ஒரு வழிதான் இருக்கு. நேர்ல போயி, கல்லு எடம் மாறிடுச்சுன்னு புதுசாப் பதிவு போடணும். கல்லு படத்துல தெரியணும், நீங்க அந்த எடத்துல நிக்கணும், ஊர்க்காரங்க ஒருத்தர் சாட்சி ரேகை வைக்கணும். வெறுமன கல்லு இல்லன்னு போட்டா ஏத்துக்காது. இல்லாதத எப்படிப் படம் எடுப்பீங்க?"

பாலம் வரை ஸ்கூட்டர், அங்கிருந்து உப்பளத்து டிராக்டர், டிராக்டர் நின்றுபோன இடத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடை. கடேசன் நண்டோடைக்குள் கால் வைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அவருக்குப் பின்னால் சாலை முழுகிவிட்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஆனால் ஊர் அமைதியாக இருந்தது. கைப்பேசியில் பச்சை காட்டியதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஒரு வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தது. அவர் நடையை எட்டிப் போட்டார்.

தெருமுனையில் எதிர்ப்பட்டவள் உப்பளத்தில் முப்பது பேரை மேய்க்கும் மேஸ்திரி வைரக்கண்ணு. நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கூம்பாக மடித்துப் போட்டிருந்தாள். கடேசன் மூச்சு வாங்கச் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டீங்க."

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"ஐநூறு ஆகணும்னு."

"ஐநூறு ஆனா என்ன தருவாங்க?"

கடேசன் யோசித்தார். "கேக்கு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

"ஒவ்வொரு மழைக்கும் எங்க ஊட்டுக்குள்ள முட்டித் தண்ணி நிக்குது. நாங்க போயி மனு குடுத்தா, ஒங்க ஊரு மேடு, கம்ப்யூட்டர்ல இருக்குன்னு தொரத்துவாங்க. எட்டு வருசமா எங்க கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்யா." குரலை உயர்த்தினாள். "கலியமூர்த்தி! கடப்பாரைய எடுத்துக்கிட்டு வா! ஊட்டுக்கு ஒரு ஆளு மம்முட்டியோட வாங்க!"

படகில் ஊரைக் காலி செய்ய முடியுமா என்று கடேசன் கேட்டார். இருப்பது ஒரே ஒரு பைபர் படகு. இருப்பவர்கள் அறுநூறு பேர். அவரே கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

பழைய அளவைப் பதிவேட்டில் இருந்த குறிப்பு அவருக்கு மனப்பாடம்: உப்புக் கிடங்கின் வடமேற்கு மூலையிலிருந்து பன்னிரண்டடி, கரையின் மேல். கிடங்கு இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கோபுரம். கரை இருந்த இடத்தில் இறால் குட்டை. ஒரு மணி நேரம் இருபது பேர் சேற்றை வெட்டினார்கள். மழைத் தண்ணீர் வெட்டிய குழியை உடனுக்குடன் நிரப்பியது. கடப்பாரை 'டங்' என்று இடித்த மூன்று முறையும் கடேசன் பாய்ந்து போய்க் கையை விட்டார். ஒரு சிமென்ட் குழாய், ஓர் இரும்புச் சட்டம், ஒரு பழைய கக்கூஸ் கோப்பை.

வைரக்கண்ணுவின் தம்பி கலியமூர்த்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். கொத்தனார். "அண்ணே, நான் சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கரைய பொக்லைன் வச்சு வாரிக்கிட்டுப் போயி பத்து வருசம் ஆச்சு. நாப்பது லாரி மண்ணு. ஒங்க கல்லு ஏதோ ஒரு எறால் குட்டைக்கு அடியில கெடக்கும். மாசக்கணக்கா தேடுனாலும் ஆப்புடாது."

மணி இரண்டு.

கடேசன் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தலையில் மழை கொட்டியது. கண்ணாடியில் நீர் வழிந்து எதுவுமே தெரியவில்லை. கல்லைத் தேடுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்லைத் தொடலாம், துடைக்கக்கூடாது. எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ்கூடத் தடவக்கூடாது. புதியவர்களுக்கு வழிகாட்டி என்று குழுவில் அவர் எழுதிவைத்ததன் முதல் வரியே அதுதான்.

"கலியமூர்த்தி தம்பி, உங்ககிட்ட உளி இருக்கா?"

கருங்கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வைரக்கண்ணு ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தாள். பிறகு தன் வீட்டுப் பின்புறம் அழைத்துப்போய், துணி துவைக்கும் கல்லைக் காலால் தட்டிக் காட்டினாள். நான்கு பேர் அதைப் புரட்டி மாட்டுக்கொட்டகைக் கூரைக்கடியில் கொண்டுவந்தார்கள். ஒரு கோடு எத்தனை விரல் நீளம், அம்பின் இரண்டு கால்களும் எந்தக் கோணத்தில் விரியும், எழுத்துக்கு நடுவில் புள்ளி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் கடேசன் கரித்துண்டால் வரைந்து காட்டினார். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது முறை பார்த்த கை, ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

கலியமூர்த்தி செதுக்கினான். வைரக்கண்ணு பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அண்ணே, இது பொய்தான?"

"முழுப் பொய்யில்ல. கல்லு எடம் மாறினது நெசம். இந்தக் கல்லுதான் அதுங்கறது மட்டும் பொய்."

"மொதல்ல சொன்னதும் பொய்யி."

"ஆமா."

"நடுவுல எப்பவாச்சும் உண்ம பேசுவீங்களா?"

"கண்ணாடிக் கடையில பேசுவேம்மா. 'இந்த பிரேம் உங்களுக்கு நல்லா இல்லீங்க'ன்னு நேராச் சொல்லிடுவேன். அதனாலதான் யாவாரம் இல்ல."

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்து உளி வழுக்கியது. "செத்த சும்மா இருங்கண்ணே!"

கல்லைக் கோபுரத்தின் அருகே சேற்றில் சாய்த்துப் போட்டுப் படம் எடுத்தார்கள். இரண்டு நாற்பதுக்குப் பதிவு போனது. இரண்டு நாற்பத்தொன்றுக்குத் திரும்பி வந்தது. 'புதிய வெட்டு எனச் சந்தேகம். ஏற்க இயலாது. மீதமுள்ள வாய்ப்பு: ஒன்று.'

பழங்கல் எப்படி இருக்கும் என்று அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவையே கல்வேட்டைப் படங்கள்தான். அதில் பெரும்பங்கு கடேசன் எடுத்தது. தன் மாணவனே தன்னைப் பெயிலாக்கிவிட்ட வாத்தியாராக அவர் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு படகு எஞ்சினின் கழிவு ஆயிலைக் கொண்டுவரச் சொன்னார். வெட்டின் வெள்ளையில் ஆயிலையும் குட்டைச் சேற்றையும் குழைத்துப் பூசி, எழுத்தின் விளிம்புகளை உப்பும் செங்கல்லும் போட்டுத் தேய்த்தார்கள். விரல் நுனி தோலுரிந்து எரிந்தது. எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழடானது. தெருத்தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. மீன் வாசனை நின்றுபோய், இப்போது குழந்தைகளின் அழுகை கேட்டது.

மூன்று ஐந்து. வைரக்கண்ணு கட்டைவிரலைப் புடவையில் துடைத்துவிட்டுத் திரையில் அழுத்தினாள். சின்ன வட்டம் சுற்றியது. 

'ஏற்கப்பட்டது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி. உங்கள் நம்பிக்கைப் புள்ளி: 99.'

நண்டோடை சிவப்பானது. கலியமூர்த்தி ஓவென்று கத்தினான். தெருமுனைவரை கத்தல் பரவிப் போயிற்று. கடேசன் கோபுரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தார். வைரக்கண்ணு பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரிஸ்வானா கூப்பிட்டாள்.

"சார், ஒங்க கல்லு கெடச்சுதா?"

"கெடச்சுது மேடம்."

"உண்மையான கல்லா?"

கடேசன் ஆயில் படிந்த விரலைச் சட்டையில் துடைத்தார்.

"தண்ணி தங்க ஊருப் பக்கம் வரக்கூடாதுன்னு காலையிலேருந்து இதே மாதிரி நாப்பத்தோரு ஊரு சார். எல்லாம் எடம் மாறுன கல்லு. ஒங்களுது நாப்பத்திரண்டு. உங்க குழுவுல புதியவர்களுக்கு வழிகாட்டின்னு ஒண்ணு இருக்காமே, அத வச்சுத்தான் எல்லாரும் படம் எடுக்கறாங்க. ஒருத்தரு அம்மிக்கல்ல அனுப்பியிருக்காரு. மசாலாகூட காயல. மடையன் ஏத்துக்கிச்சு. பழைய கல்லுதானே."

"இப்ப?"

"இப்ப எல்லா ஊரும் பள்ளம். பச்சையே இல்ல. தண்ணிய விட எடமில்லன்னு மடையன் கைய விரிச்சிடுச்சு. 'மனித முடிவு தேவை'ன்னு எங்கிட்ட ஒரு பட்டன் வந்து நிக்குது சார். ஒம்பது வருஷத்துல இது வந்ததே இல்ல. நாலேகாலுக்குள்ள எங்கயாவது தொறக்கணும். தொறக்கலன்னா டவுன் பக்கத்துக் கரை ஒடையும். அங்க அறுபதாயிரம் பேரு. வேற எடம் இல்லன்னா பழைய கணக்குப்படி நண்டோடைப் பக்கம்தான் தொறந்தாகணும்." அவள் குரல் மிகவும் தாழ்ந்தது. "அத்தன ஊருலயும் நடந்து பாத்த ஒரே ஆளு நீங்கதான். கல்ல விடுங்க. எந்த எடம் காலியா இருக்கு? எங்க விட்டா ஆளு சாகாது?"

கடேசன் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு கல்லாக மனதில் நடந்தார். பள்ளிக்கூட வாசல், தர்கா மதில், ரைஸ்மில், பாலம். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் வந்து, "என்னங்க தேடுறீங்க?" என்று கேட்ட முகம்தான் வந்தது. முகமே வராத ஓர் இடம் இருந்தது.

"நண்டோடைக்கு வடக்க, மூடிப்போன உப்புக் கம்பெனி நெலம். நானூறு ஏக்கர், சுத்திக் கரை, உள்ள நல்ல பள்ளம்."

"அது வரைபடத்துல நீலம் சார். தொழிற்பேட்டை. தொடக்கூடாத எடம்."

"தொழிற்பேட்டையாவது ஒண்ணாவது. போர்டு மட்டும்தாம்மா இருக்கு."

"நீங்க பாத்தீங்களா? நெஜமாவே பாத்தீங்களா?"

"பாத்தேன். தொடை வரைக்கும் சேத்துல நின்னு பாத்தேன். என் செருப்பு ஒண்ணு இன்னும் அங்கதான் இருக்கும்."

"எப்போ?"

"ஒம்பது வருஷம் முன்னாடி."

"இப்ப அங்க யாரும் இல்லையே?"

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெருவில் தண்ணீர் தொடையைத் தொட்டிருந்தது. நண்டோடை முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்காகக் கடேசனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடேசனுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில் அவர் மாவட்டத்திலேயே முதல் ஆள்.

"இருக்காங்க" என்றாள் வைரக்கண்ணு.

கலியமூர்த்தி அவள் கையைப் பிடித்தான். "யக்கா!"

"கைய விடுறா. நாலு குடும்பம் இருக்கும்மா. எங்க ஊரு ஆளுங்கதான். இங்க தண்ணி நிக்குதுன்னு அங்க கம்பெனி கொட்டாயில போயி இருக்காங்க. பதினஞ்சு பேரு. அங்க போனு எடுக்காது."

மறுமுனையில் ரிஸ்வானா எதையோ தட்டும் சத்தம். பிறகு, "படகு இருக்கா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு."

"நாலு பத்து வரைக்கும் நான் தொறக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது. என்னைய மன்னிச்சிடுங்க."

மூன்று இருபத்தைந்துக்குப் படகு கிளம்பியது. கலியமூர்த்தி எஞ்சினில், வைரக்கண்ணு முன்னால். கடேசனும் ஏறப் பார்த்தார். "ஒங்க எடத்துக்கு ரெண்டு புள்ளைங்கள ஏத்தலாம், எறங்குங்க" என்றாள். "நீங்க போனப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. கண்ணுல என்ன தெரியுதோ அத மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

ஊரின் வடக்கு முனையில் ஒரு மோட்டார் கொட்டகை மேடை. அதன்மேல் கடேசன் ஏறி நின்றார். பின்னால் வீட்டுக் கூரைகளில் சனங்கள். குழந்தைகளைப் பரணில் ஏற்றிவிட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மூன்று ஐம்பது. படகு இல்லை. நாலு மணி. இல்லை. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மழைத்திரைக்குள் ஒரு கருப்புக் கோடு அசைந்தது.

"தெரியுதும்மா! வர்றாங்க!"

"எண்ணுங்க சார்."

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். சட்டையே ஈரம், இன்னும் மங்கியது. கழற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கி எண்ணினார். வைரக்கண்ணுவையும் தம்பியையும் விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, பதினைந்து. வாயைத் திறந்தார். பதினைந்தாவது ஆள் தலையைத் திருப்பியது. தாடி இருந்தது. கொம்பும் இருந்தது.

"பதினாலு" என்றார். "ஒண்ணு ஆடு. ஒரு ஆளு கொறையுது."

"சார், நாலு எட்டு."

"பதினாலுதாம்மா தெரியுது."

பின்னால் கூரையிலிருந்து யாரோ கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். "பதினஞ்சுன்னு சொல்லித் தொலைய்யா! எங்க புள்ளைங்க சாவப்போவுது!" இன்னொரு குரல் தழுதழுத்துக் கெஞ்சியது. கடேசன் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

"சார், கரையில கசிவு ஆரம்பிச்சிடுச்சு. டவுன்ல சைரன் அடிக்கறாங்க. என் வெரல் பட்டன் மேல இருக்கு. சொல்லுங்க."

"பதினாலு" என்றார் மறுபடியும். அழுகையில் எண் உடைந்து வந்தது.

படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பியது. அப்போதுதான் பின்புறம், எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம், படகின் விளிம்பில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். ஒரு கை. எலும்பும் நரம்புமாக ஒரு கிழவனின் கை. படகில் இடமில்லை என்று தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டே வருகிறார். அலை இறங்கியபோது வெள்ளை முடி ஒருமுறை மேலே வந்து போனது.

"பதினஞ்சு! பதினஞ்சும்மா! தொறங்க!"

வெகுதூரத்தில், போனுக்குள், ஏதோ ஒன்று கனமாக நகரும் சத்தம்.

"தொறந்துட்டேன் சார்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "யாரு நேர்ல பாத்ததுன்னு எழுதணும். ஒங்க பேரப் போடட்டுமா?"

"போடுங்க. அமிர்தகடேசன், தகப்பனார் பேரு வைத்தியலிங்கம், கண்ணாடிக் கடை, பெரிய கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர..."

"போதும் சார்."

படகு மேடையில் முட்டியது. கிழவரை நாலு பேர் இழுத்துப் போட்டார்கள். அவர் இருமினார், அது நல்ல சத்தமாக இருந்தது. ஆடு தானாகவே குதித்தது. வைரக்கண்ணு தண்ணீரில் நின்றபடியே ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். வடக்கே, கம்பெனிக் கரைக்கு மேலே, இதுவரை இல்லாத ஒரு பழுப்புச் சுவர் மெதுவாக எழுந்து சாய்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. 

கடைசியாக இறங்கிய பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. கையில் ஒரு குக்கர், மூடி இல்லை. அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாதம்தான் தகரம் மாற்றினோம் என்று யாரிடமோ மெதுவாகச் சொன்னாள். பிறகு திரும்பி, மேடையிலும் கூரைகளிலும் இருந்த எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"எங்க ஊட்டு மேல தண்ணிய விடச் சொன்னது யாரு?"

கூரைகள் எல்லாம் வேறு பக்கம் பார்த்தன. வைரக்கண்ணு கயிற்றைக் கம்பத்தில் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள். கடேசனுக்கு நாக்கில் வழக்கமாக ஏதாவது ஒரு வேடிக்கை தயாராக இருக்கும். அன்று இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

மேடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி, அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தாங்க" என்றார்.